பழைய உலாவியில் புதிய நிரல்: ஜாவாஸ்கிரிப்ட் மாற்றமும் தமிழ் உரைச் செயலாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

புதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பழைய உலாவிகளில் இயங்குமாறு மாற்றும் பணியை இன்று பெரும்பாலும் தானியங்கிக் கருவிகளே செய்கின்றன. அம்மாற்றம் தொடரியல், உள்ளமை வசதி, இயங்குபொறியின் திறன் என்னும் மூன்று தளங்களைச் சார்ந்தது. முதல் தளத்தில் ஏறத்தாழ முழுமையாகவும், இரண்டாம் தளத்தில் பகுதியளவிலும் மாற்றம் கைகூடுகிறது; மூன்றாம் தளத்தில் அது இயல்வதில்லை. இக்கட்டுரை அம்மூன்றையும் விளக்குகிறது. பொதுக் கருவிகள் அளவு கருதி விட்டுவிடும் வசதிகளுள் சில தமிழ் உரையைக் கையாள இன்றியமையாதவை என்பதையும், தமிழ் எழுத்தமைப்பை அறிந்து எழுதப்படும் சிறிய நிரலால் அக்குறையை நீக்கலாம் என்பதையும் எடுத்துக்காட்டுகளுடன் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: ஜாவாஸ்கிரிப்ட், பேபல், பாலிஃபில், உலாவி, ஒருங்குறி, தமிழ்க் கணிமை.

முன்னுரை

ஒரு நிரல் எங்கு இயங்கப்போகிறது என்பதை அதனை எழுதுபவரே பெரும்பாலும் தீர்மானிக்கிறார். இணையப் பக்கத்தில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் இதற்கு விதிவிலக்காகும். அது பயனரின் கருவியில், பயனரிடம் உள்ள உலாவியில், அந்த உலாவி அறிந்த மொழிப் பதிப்பில் இயங்குகிறது. ஆகவே, எழுதுபவர் அறிந்த மொழிக்கும் இயக்கும் உலாவி அறிந்த மொழிக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உள்ளது.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய இம்மொழி, 1997இல் எக்மா-262 என்னும் தரநிலையாக வரையறுக்கப்பட்டது. மூன்றாம் பதிப்பு 1999இல் வந்தது. நான்காம் பதிப்புக்கான முயற்சி 2008இல் கைவிடப்பட்டமையால், ஐந்தாம் பதிப்பு 2009இல்தான் வெளியானது. 2015இல் வந்த ஆறாம் பதிப்பு மொழியின் தோற்றத்தையே மாற்றியது. அதன்பின் ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்னும் முறையை டிசி39 என்னும் தரநிலைக் குழு பின்பற்றி வருகிறது. மொழி ஆண்டுதோறும் வளர்கிறது. பயனரின் கருவியோ வாங்கிய நாளில் இருந்த நிலையிலேயே பல ஆண்டுகள் நின்றுவிடக்கூடும். இவ்விடைவெளியைக் கடக்க எழுந்ததே நிரல் மாற்றம் என்னும் நடைமுறை.

1. இருவகைத் தோல்வி

பழைய உலாவி புதிய நிரலைச் சந்திக்கும்போது இருவகைத் தோல்விகள் நேர்கின்றன. இவற்றைப் பிரித்தறிவது இவ்விளக்கம் முழுமைக்கும் அடிப்படையாகும்.

முதலாவது, தொடரியல் தோல்வி. உலாவி ஒரு கோப்பை இயக்குமுன் அதனை முழுவதும் படித்துப் பகுக்க முயல்கிறது. அறியாத குறியீடு ஒன்று எதிர்ப்பட்டால் கோப்பு முழுவதையும் தள்ளிவிடுகிறது. ஆயிரம் வரிகளுள் ஒரே வரியில் அறியாத குறி இருப்பினும், மற்ற 999 வரிகளும் இயங்குவதில்லை. பயனர் காண்பது பெரும்பாலும் வெற்றுத் திரையே.

இரண்டாவது, வசதியின்மைத் தோல்வி. இங்குத் தொடரமைப்பு உலாவிக்குப் புரிகிறது. ஆனால், நிரல் அழைக்கும் செயற்கூறு அந்த உலாவியில் இல்லை. நிரல் அவ்வரியை எட்டும்வரை இயங்கி, அங்கு நின்றுவிடுகிறது. பக்கம் சரியாகத் தோன்றும். தேடல் பொத்தானை அழுத்தினால் மட்டும் எதுவும் நிகழாது. ஒரு குறிப்பிட்ட வழியில் சென்றால் மட்டுமே வெளிப்படுவதால், இவ்வகைத் தோல்வி சோதனையில் எளிதில் தப்பிவிடுகிறது.

முதல் வகைக்குத் தீர்வு, நிரலை வேறு தொடர்களில் திருப்பி எழுதுதல். இரண்டாம் வகைக்குத் தீர்வு, இல்லாத செயற்கூறை எழுதிச் சேர்த்தல். இவ்விரண்டும் வெவ்வேறு கருவிகளின் பணிகள்.

2. மாற்றியின் செயல்முறை

திருப்பி எழுதும் கருவிகளுள் பரவலாக அறியப்பட்டது பேபல். செபாஸ்டியன் மெக்கென்சி 2014இல் ‘சிக்ஸ் டு ஃபைவ்’ என்னும் பெயரில் இதனைத் தொடங்கினார். ஆறாம் பதிப்பை ஐந்தாம் பதிப்பாக மாற்றுவது என்பதே அப்பெயரின் பொருள். மொழி ஆண்டுதோறும் வளரத் தலைப்பட்ட நிலையில் அப்பெயர் பொருந்தாமல் போகவே, 2015இல் பேபல் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பேபலின் பணி மூன்று படிகளில் அமைகிறது. முதலில் அது நிரலைப் பகுத்துத் தொடரியல் மரம் ஒன்றை அமைக்கிறது. இலக்கண மாணவர் ஒரு வாக்கியத்தை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எனப் பகுத்துக் காட்டுவதை இது ஒத்தது. அடுத்து, அம்மரத்தில் புதிய பதிப்புக்குரிய கிளைகளைக் கண்டு, அவற்றுக்கு இணையான பழைய கிளைகளைப் பொருத்துகிறது. இறுதியில், மாறிய மரத்திலிருந்து மீண்டும் நிரல் உரையை உருவாக்குகிறது. எழுத்துகளைத் தேடி மாற்றும் முறை இதுவன்று. அமைப்பை அறிந்து மாற்றும் முறையாகும். எனவேதான், மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஒரு சொல்லையும் நிரலின் பகுதியாக இருக்கும் அதே சொல்லையும் அது குழப்பிக்கொள்வதில்லை.

பழம்பாடலைச் சந்தி பிரித்துப் பதிப்பிப்பவர் பழைய நூலை இன்றைய வாசகருக்கு அணுக்கமாக்குகிறார். பேபலின் பணி இதற்கு எதிர்த்திசையில் அமைகிறது: புதிய நூலைப் பழைய வாசகருக்குப் புரியுமாறு எழுதுகிறது. பொருள் மாறாதிருத்தல் வேண்டும் என்னும் நெறி இரண்டுக்கும் பொது.

3. தொடரியல் மாற்றம்

சில மாற்றங்கள் மிக எளியவை. கான்ஸ்ட் என்னும் அறிவிப்பு, வார் என்னும் பழைய அறிவிப்பாக மாறுகிறது. மதிப்பை மாற்றக் கூடாது என்னும் விதியை மாற்றியே நிரலைப் படிக்கும்போது சரிபார்த்துவிடுகிறது. வார்ப்புருச் சரம், துண்டுகளை இணைக்கும் பழைய செயற்கூறாக மாறுகிறது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த ‘?.’ என்னும் குறி, மதிப்பு இல்லையெனில் நின்றுவிடுக என்பதைச் சுருக்கமாகச் சொல்வது. மாற்றி அதனை, மதிப்பு இன்மையா எனச் சோதிக்கும் நீண்ட நிபந்தனைத் தொடராக எழுதுகிறது.

வேறு சில மாற்றங்களுக்கு நுட்பம் தேவைப்படுகிறது. ஒன்று முதல் மூன்று வரை எண்ணும் மடக்கு ஒன்றில், மூன்று பொத்தான்களுக்கு அவற்றின் எண்ணைக் காட்டும் பணி தரப்படுவதாகக் கொள்வோம். எண்ணும் மாறி வார் என அறிவிக்கப்பட்டிருந்தால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 4 என்றே தோன்றும்; மூன்று பொத்தான்களும் ஒரே மாறியை நோக்குகின்றன, மடக்கு முடியும்போது அதன் மதிப்பு 4. லெட் என அறிவித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி கிடைக்கிறது. 1, 2, 3 எனச் சரியாகத் தோன்றுகிறது. ஆகவே, லெட் என்னும் சொல்லை வார் என மாற்றுவது மட்டும் போதாது. பேபல் மடக்கின் உட்பகுதியைத் தனிச் செயற்கூறாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அதனை அழைக்கிறது. பழைய மொழியில் தனி மாறியைத் தரவல்ல எல்லை செயற்கூறு ஒன்றே என்பதால் இவ்வழி.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 இதற்கு ஒரு பாடமாக அமைகிறது. அவ்வுலாவி லெட் என்னும் சொல்லை அறியும். ஆனால், மடக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறியைத் தருவதில்லை. நிரல் பிழைச்செய்தியின்றி இயங்கித் தவறான விடையைத் தரும். ஒரு வசதி உண்டா இல்லையா என்பதோடு, அது முழுமையாக உண்டா என்பதையும் மாற்றி அறிந்திருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

காத்திருக்கும் செயற்கூறுகள் மிக விரிவான மாற்றத்துக்கு உட்படுகின்றன. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த அசிங்க், அவெயிட் ஆகியவை, வலையிலிருந்து தரவு வரும்வரை ஒரு செயற்கூறை இடையில் நிறுத்தி, பின் தொடர உதவுகின்றன. பழைய மொழியில் செயற்கூறை இடையில் நிறுத்த வழியில்லை. எனவே, மாற்றி அதனை எண்ணிட்ட நிலைகளாகப் பிரிக்கிறது. எந்த நிலையில் நின்றது என்பதை ஒரு மாறியில் குறித்துவைத்து, அடுத்த முறை அழைக்கும்போது அந்நிலையிலிருந்து தொடரச் செய்கிறது. சில வரிகளில் இருந்தது பல மடங்கு நீள்கிறது. இவ்வளவு செய்தபின்னும், பிராமிஸ் என்னும் உள்ளமை வசதி உலாவியில் இருந்தால்தான் அது இயங்கும். தொடரியல் மாற்றம் மட்டும் தனித்து நிற்க இயலாது என்பதற்கு இது தெளிவான சான்று.

4. இட்டு நிரப்புதல்

இல்லாத உள்ளமை வசதியை எழுதிச் சேர்க்கும் நிரலுக்குப் பாலிஃபில் என்று பெயர். சுவர் விரிசல்களை அடைக்கும் பிரித்தானியப் பூச்சுப் பொருளான பாலிஃபில்லாவை மனத்திற்கொண்டு, ரெமி ஷார்ப் 2009இல் இச்சொல்லை வழங்கினார். உலாவியில் ஒரு வசதி உண்டா எனப் பாலிஃபில் முதலில் சோதிக்கிறது. இல்லையெனில் மட்டும் பழைய மொழியிலேயே எழுதப்பட்ட மாற்றைப் பொருத்துகிறது. டெனிஸ் புஷ்கரேவ் உருவாக்கிய கோர்-ஜேஎஸ் இவ்வகையில் மிக விரிவான தொகுப்பு. பேபலும் இதனையே சார்ந்துள்ளது.

இம்முறையில் ஒரு பொறுப்பும் அடங்கியுள்ளது. பாலிஃபில் பக்கத்தின் முழு அதிகாரத்துடன் இயங்கும் நிரலாகும். பாலிஃபில் டாட் ஐஓ என்னும் பொதுச் சேவையை ஏராளமான தளங்கள் நேரடியாக இணைத்திருந்தன. 2024 பிப்ரவரியில் அதன் உரிமை கைமாறியது; அதே ஆண்டு ஜூனில் அங்கிருந்து தீங்கு நிரல் அனுப்பப்படுவது கண்டறியப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பாதிப்புக்குள்ளானதாக மதிப்பிடப்பட்டது. பழைய கருவி வைத்திருப்போருக்கு உதவும் பொருட்டு இணைக்கப்பட்ட ஒரு வரி, பயனர்களுக்குத் தீங்கிழைக்கும் வாயிலாயிற்று. பாலிஃபில்லைப் பிறர் வழங்கியிலிருந்து இணைக்காமல், தம் தளத்திலேயே வைத்து வழங்குவது நலம்.

5. மாற்ற இயலாதவை

சில வசதிகள் இயங்குபொறியின் உள்ளார்ந்த திறனைக் கோருகின்றன. ஒரு பொருளின் எந்தப் பண்பைத் தொட்டாலும், முன்பே பெயர் தெரியாத பண்பாயினும், இடைமறிக்கும் ப்ராக்ஸியை ஐந்தாம் பதிப்பில் முழுமையாக உருவாக்க இயலாது. பிக்இன்ட் என்னும் பேரெண் வகை, கூட்டல், பெருக்கல் குறிகளின் பொருளையே விரிக்கிறது. குறிகளின் பொருளை நூலகத்தால் மாற்ற முடியாது. நினைவகத்திலிருந்து ஒரு பொருள் நீக்கப்பட்டதை அறியும் வீக்ரெஃப்பும் அத்தகையதே. இவற்றைச் சார்ந்து எழுதப்பட்ட நிரலுக்கு மாற்றியால் உதவ முடியாது. வடிவமைப்பின் தொடக்கத்திலேயே இவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

6. தமிழ் உரையும் மாற்றத்தின் எல்லையும்

மேற்கண்ட மூன்று தளங்களும் தமிழ் உரையில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை மின்னகராதி அல்லது இலக்கியத் தொடரடைவு ஒன்றை முன்வைத்துக் காணலாம். இத்தகைய தளத்துக்கு மூன்று செயல்கள் அடிப்படை: சொல்லை ஒப்பிடுதல், தமிழ் எழுத்தை அடையாளம் காணுதல், எழுத்துகளை எண்ணுதல்.

6.1 ஒப்பிடுதல்

ஒருங்குறியில் ‘கொ’ என்பதை இருவகையில் குறிக்கலாம். க என்பதோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால், முன்னதன் நீளம் 2, பின்னதன் நீளம் 3. ‘கொடி’ எனத் தேடுபவருக்கு, மற்றொரு முறையில் சேமிக்கப்பட்ட ‘கொடி’ கிட்டாது. இதனைச் சீர்செய்யும் இயல்பாக்கச் செயற்கூறு 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது; இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11இல் அது இல்லை. கோர்-ஜேஎஸ் தொகுப்பும் அளவு கருதி இதனைச் சேர்ப்பதில்லை. ஆகவே, பேபலையும் கோர்-ஜேஎஸ்ஸையும் முறையாக அமைத்த பின்னும் தேடல் தோற்கும்.

முழு இயல்பாக்கத்துக்கு உலக மொழிகள் பலவற்றின் தரவு தேவை. அதனாலேயே அதன் அளவு பெரிது. ஆனால், தமிழ்த் தொகுதியில் இவ்வாறு இருவகையில் எழுதத்தக்கவை நான்கே: ஔ என்னும் உயிரெழுத்தும், ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகியவற்றின் உயிர்க்குறிகளும். தமிழ் உரையை மட்டும் கையாளும் தளத்துக்கு நான்கு பதிலீடுகளே போதும். அவற்றை மூன்றாம் பதிப்பு மொழியிலேயே எழுதிவிடலாம். ஔகாரக் குறிக்கு மாற்றாக ளகர எழுத்தைத் தட்டச்சிடும் வழக்கை ஒருங்குறி இயல்பாக்கம் திருத்துவதில்லை. அதற்குத் தனி விதி தேவை.

6.2 அடையாளம் காணுதல்

‘தமிழ் வரிவடிவத்தைச் சார்ந்த எழுத்து எதுவாயினும் பொருந்துக’ எனத் தேடற்பாங்கில் எழுதும் வசதி 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. பேபல் இதனைப் பழைய பாங்காக விரித்துத் தருகிறது. தமிழ்த் தொகுதி, பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரையுள்ள இடங்களைக் கொண்டது. 2019இல் ஒருங்குறி 12.0 பதிப்பு 73664 முதல் 73727 வரை தமிழ்ப் பின்னிணைப்புத் தொகுதியைச் சேர்த்தது. முந்திரி எனப்படும் 1/320 முதலான பழைய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் இதில் உள்ளன. ஜாவாஸ்கிரிப்ட் சரம் 16 பிட் அலகுகளால் ஆனது. 65535க்கு மேற்பட்ட ஒவ்வொரு குறியும் இரண்டு அலகுகளாகிறது. பேபல் இதனையும் கணக்கிற்கொண்டு இரட்டை அலகுகளாக எழுதுகிறது.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மாற்றப்படாத பாங்கு, உலாவி அறிந்த ஒருங்குறிப் பதிப்பைப் பின்பற்றும். மாற்றப்பட்ட பாங்கோ, மாற்றிய நாளில் கருவி அறிந்த பதிப்பிலேயே உறைந்துவிடும். இதனால் நன்மையும் உண்டு: புதிய தரவால் மாற்றப்பட்ட நிரல், பழைய உலாவியிலும் பின்னக் குறிகளை அறியும். தீமையும் உண்டு: 2018இல் மாற்றி அப்படியே விடப்பட்ட நிரல், இன்றைய உலாவியிலும் அவற்றை அறியாது. பழைய கணக்கேடுகளை மின்னாக்கம் செய்வோர் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

6.3 எண்ணுதல்

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஜாவாஸ்கிரிப்ட் தரும் நீளம் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனத் தனித்தனியே எண்ணுவதே காரணம். பயனர் உணரும் எழுத்தை எண்ண இன்டில் தொகுதியின் செக்மென்டர் உள்ளது. குரோம் 87இல் 2020ஆம் ஆண்டிலேயே வந்த இவ்வசதி, ஃபயர்ஃபாக்ஸில் 125ஆம் பதிப்பில், 2024 ஏப்ரலில்தான் வந்தது. இன்டில் வசதிகளையும் கோர்-ஜேஎஸ் நிரப்புவதில்லை.

இங்கும் தமிழின் அமைப்பு எளிய வழியைத் தருகிறது. ஓர் எழுத்தும் அதனைத் தொடரும் சார்புக் குறிகளும் சேர்ந்தது ஓர் அலகு. அச்சார்புக் குறிகள் 3006 முதல் 3021 வரையிலும், 3031 என்னும் இடத்திலும், அருகிய வழக்கான 2946இலும் அமைகின்றன. இதனைப் பழைய தேடற்பாங்கில் ஒரே வரியில் எழுதிவிடலாம். செக்மென்டர் ‘க்ஷ’ என்பதை இரண்டாகப் பிரிக்கும். நாமே எழுதும் விதியில் அதனை ஒன்றாகவும் கொள்ளலாம். யாப்பு அல்லது எழுத்தெண்ணிக்கை ஆய்வுக்கு எது பொருந்தும் என்னும் முடிவு ஆய்வாளரிடமே நிற்கும்.

மாற்றத்தின் அளவைக் குறைக்கப் பேபல் தரும் தளர்முறை அமைப்பிலும் ஓர் இடர் உண்டு. அம்முறை, விரித்தெழுதப்படும் எதனையும் அணி என்றே கொள்கிறது. சரத்தைக் குறிகளாக விரிக்கும் தொடர் ‘தமிழ்’ என்பதை ஐந்து உறுப்புகளாகத் தரவேண்டும். தளர்முறையில் முழுச்சொல்லும் ஒரே உறுப்பாக நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

7. இலக்கைத் தீர்மானித்தல்

எந்த உலாவிகளுக்காக மாற்றுவது என்பதை நிரலாளர் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிடின் பேபல் 7, நிரல் முழுவதையும் ஐந்தாம் பதிப்பாக மாற்றும். பிரவுசர்ஸ்லிஸ்ட் என்னும் கருவி, பயன்பாட்டு விழுக்காட்டையும் பதிப்புகளையும் கொண்டு இலக்கை வரையறுக்கிறது. அதன் இயல்பமைப்பு, 0.5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உலகப் பயன்பாடு, கடைசி இரு பதிப்புகள் முதலியவற்றை அளவுகோலாகக் கொண்டது. உலகக் கணக்கில் அரை விழுக்காட்டை எட்டாத கருவி, ஒரு வட்டாரத்தில் கணிசமாக இருக்கக்கூடும் என்பதை இவ்வளவுகோல் காணாது.

‘பழைய கருவி’ என்பது ஒரே வகையும் அன்று. மூன்று நேர்வுகளை ஒப்பிடலாம்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11, 2013இல் வெளிவந்தது. விண்டோஸ் 10இன் பெரும்பாலான பதிப்புகளில் 2022 ஜூன் 15 அன்று விலக்கப்பட்டது. அம்புக்குறிச் செயற்கூறு, வகுப்பு, பிராமிஸ் ஆகிய எவையும் இதில் இல்லை. முழு மாற்றமும் நிரப்புதலும் தேவை.

2017இல் இந்தியாவில் வெளிவந்த ஜியோபோன், கெக்கோ 48ஐ அடிப்படையாகக் கொண்ட காய்ஓஎஸ் 2.5இல் இயங்கியது. அதாவது, 2016ஆம் ஆண்டு ஃபயர்ஃபாக்ஸின் நிலை. வகுப்பு, அம்புக்குறிச் செயற்கூறு, பிராமிஸ், இயல்பாக்கம் ஆகியவை உண்டு; அவெயிட், வரிவடிவப் பாங்கு, செக்மென்டர் ஆகியவை இல்லை. இலக்கை ஃபயர்ஃபாக்ஸ் 48 என அமைத்தால், தேவையான பகுதி மட்டும் மாறும்.

விண்டோஸ் 7 கணினிகளுக்குக் கிடைக்கும் இறுதி குரோம் பதிப்பு 109. இதில் செக்மென்டர் உட்பட 2022 வரையிலான வசதிகள் பெரும்பாலும் உள்ளன. அணியை மாற்றாமல் வரிசைப்படுத்திய படியைத் தரும் டுசார்ட்டட் என்னும் செயற்கூறு குரோம் 110இல் வந்தமையால், அது ஒரு பதிப்பு இடைவெளியில் தவறிப்போகிறது. இங்குத் தேவைப்படுவது ஒரு சில பாலிஃபில்களே.

மூன்று கருவிகளையும் ‘பழையவை’ என்று ஒன்றாகக் கட்டி, எல்லார்க்கும் ஐந்தாம் பதிப்பையே அனுப்பினால், நீண்ட கோப்பைப் பதிவிறக்கும் சுமை, நினைவகமும் வேகமும் குறைந்த கருவி வைத்திருப்போர் மீதே மிகுதியாக விழுகிறது. யாருக்காக மாற்றம் செய்யப்படுகிறதோ அவர்களே அதன் விலையையும் தருகின்றனர். ஆகவே, தளத்தின் பயனர் பதிவேடுகளைக் கண்டு இலக்கை வரையறுப்பதும், புதிய உலாவிக்கும் பழைய உலாவிக்கும் தனித்தனிக் கோப்புகளை வழங்குவதும் தக்க வழிகளாகும்.

நிரலாளர் எழுதிய பகுதியை மட்டும் மாற்றி, இணைத்துக்கொண்ட பிறர் நூலகங்களை மாற்றாது விடும் வழக்கமும் பரவலாக உள்ளது. அந்நூலகம் ஒன்றில் ஒரு ‘?.’ குறி இருந்தாலும், முதற்பகுதியில் கண்டவாறு முழுக் கோப்பும் தள்ளப்படும். எனவே, மாற்றம் முடிந்த கோப்பையே இலக்கு உலாவியில் இயக்கிச் சோதித்தல் வேண்டும்.

முடிவுரை

தொடரியல் மாற்றத்தைக் கருவியிடம் ஏறத்தாழ முழுமையாக ஒப்படைக்கலாம். உள்ளமை வசதிகளை நிரப்புவதில், எவை சேர்க்கப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்பதை நிரலாளர் அறிந்திருக்க வேண்டும். இயங்குபொறியின் திறனைச் சார்ந்தவற்றைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும்.

பொதுக் கருவிகள் விடுபவற்றுள் இயல்பாக்கமும் எழுத்துப் பகுப்பும் அடங்குகின்றன. ஆங்கில உரைக்கு இவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தமிழ் உரைக்கோ இவையின்றித் தேடலும் எண்ணலும் பிழைபடுகின்றன. எனினும், எல்லா மொழிகளுக்குமான பெருந்தரவை ஏற்ற வேண்டியதில்லை. நான்கு பதிலீடுகளும் ஒருவரித் தேடற்பாங்கும் தமிழுக்குப் போதும். அவற்றை எழுதத் தேவைப்படுவது எழுத்தமைப்பு பற்றிய தெளிவு. அது தமிழ் ஆய்வாளரிடம் ஏற்கெனவே உள்ளது. தமிழ்த்தளங்களை உருவாக்கும் குழுக்களில் நிரலாளரோடு தமிழ் அறிந்தோரும் அமர்ந்து, கொடி, தமிழ், பக்ஷி போன்ற சொற்களை இலக்கு உலாவிகளில் இட்டுச் சோதிப்பதை நடைமுறையாக்கினால், பழைய கருவி வைத்திருக்கும் வாசகருக்கும் தேடிய சொல் கிட்டும்.